கிரேக்க உணவும் ஒயினும்: பகுதி பகுதியாக ருசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேக்க உணவு என்றால் ஃபெட்டா என்ற வெள்ளைப் பாலாடைக்கட்டி போட்ட சாலட், கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிய மூசாக்கா, ரொட்டியில் சுருட்டிய இறைச்சி என்ற அளவில்தான் வெளிநாட்டு உணவகங்கள் நமக்குக் காட்டுகின்றன. ஏதென்ஸின் சுற்றுலாத் தெருக்களிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் சாப்பிடும் விதம் வேறு. வடக்கு மலைகளில் பனி பெய்யும். தெற்குத் தீவுகளில் கோடை முழுக்க ஒரு சொட்டு மழை இராது. மலைக்காரருக்கு ஆடும் பாலும் மாவும், தீவுக்காரருக்குப் பருப்பும் தக்காளியும் மீனும். அந்தந்த மண்ணில் விளைந்த திராட்சை அந்தந்த ஊர்ச் சாப்பாட்டோடு நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. அதனால் கிரேக்கத்தில் நன்றாகச் சாப்பிட ஒரே வழி, எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர்த் தட்டையும் அந்த ஊர்க் கோப்பையையும் கேட்டு வாங்குவது. அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: மாதத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

கிரேக்கச் சமையல் பருவத்துக்குக் கட்டுப்பட்டது. வசந்தத்தில் கூனைப்பூ, பச்சை மொச்சை, இளம் ஆட்டுக்கறி. கோடையில் தக்காளி, கத்தரிக்காய், அத்திப்பழம், தர்பூசணி. இலையுதிர் காலத்தில் திராட்சை அறுவடை, காளான், கஷ்கொட்டை. குளிர்காலத்தில் காட்டுக்கீரை, ஆரஞ்சு, பீன்ஸ் சூப்.

'ஹோரியாதிகி' என்ற கிராமத்து சாலட்டை ஜூலையில் சாப்பிடுங்கள். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், குடைமிளகாய், ஆலிவ், மேலே ஒரு கட்டி ஃபெட்டா, அவ்வளவுதான். லெட்யூஸ் இலை அதில் கிடையாது. ஜனவரியில் அதே சாலட்டைக் கேட்டால் ருசியில்லாத தக்காளிதான் வரும். அப்போது முட்டைக்கோஸ் சாலட்டோ, வேகவைத்து எலுமிச்சை பிழிந்த 'ஹோர்தா' கீரையோ கேட்பதுதான் சரி.

சின்னத் தீவுகளில் பல உணவகங்கள் குளிர்காலத்தில் மூடிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு வடக்கு நகரமான தெஸ்ஸலோனிகி, வடமேற்கு மலைப்பகுதியான எபிரஸ், தெற்கில் உள்ள பெரிய தீவான கிரீட் ஆகியவைதான் நல்ல இடங்கள். என்னைக் கேட்டால், சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் மே அல்லது செப்டம்பர் கடைசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஈஸ்டர் சமயம் தனிக் கதை. நள்ளிரவு வழிபாடு முடிந்ததும் ஆட்டுக் குடல், ஈரல், கீரை, சதகுப்பை இலை எல்லாம் சேர்த்த 'மகிரிட்சா' சூப்போடு நோன்பை முடிப்பார்கள். மறுநாள் முழு ஆடு நெருப்பில் சுழலும். மார்ச் 25 அன்று போனால் நாடு முழுக்க உப்புக்கண்டக் காட் மீன் வறுவலும் 'ஸ்கொர்தாலியா' என்ற பூண்டு மசியலும்தான்.

இரண்டாம் படி: எந்தக் கடை, எந்த நேரம்

மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். இரவு 7 மணிக்கு நிரம்பி வழிகிற கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

கடைகளிலும் வகை உண்டு. 'டவெர்னா' என்பது பொதுவான குடும்ப உணவகம். 'மகிரியோ' என்பது காலையிலேயே பெரிய தட்டுகளில் சமைத்து வைத்திருக்கும் மதியக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துக் கைகாட்டி வாங்கலாம். வீட்டுச் சமையலுக்கு மிக அருகில் இருப்பது இதுதான், விலையும் குறைவு. 'ப்ஸிஸ்தாரியா'வில் கரி அடுப்பு இறைச்சி. 'ஊசெரி'யிலும் 'ட்சிப்புராதிகோ'விலும் மது மெதுவாகவும் 'மெசே' என்ற சிறு தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகவும் வரும்.

இந்த ட்சிப்புராதிகோ பழக்கத்துக்குப் பேர்போன ஊர் தெஸ்ஸாலி பகுதித் துறைமுகமான வோலோஸ். திராட்சைச் சக்கையிலிருந்து வடிக்கும் ட்சிப்புரோவைச் சின்னப் புட்டியில் கொடுப்பார்கள். ஒவ்வொரு புட்டியோடும் ஒரு தட்டு வரும். என்ன தட்டு என்பதைக் கடைக்காரரே முடிவு செய்வார். சுற்று ஏற ஏறத் தட்டின் தரமும் ஏறும். சோம்பு சேர்த்ததா, சேர்க்காததா என்று மட்டும் உங்களிடம் கேட்பார்கள்.

மீன் சாப்பிடுவதாக இருந்தால் உள்ளே போய் மீனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், அது வழக்கம்தான். விலை கிலோவுக்கு என்று எழுதியிருக்கும். அதனால் அடுப்புக்குப் போகும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உறைய வைத்த மீனாக இருந்தால் மெனுவில் குறித்திருக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்.

மூன்றாம் படி: நோன்புச் சமையலைப் பழகிக்கொள்ளுங்கள்

சைவம் சாப்பிடுகிறவர்கள் கிரேக்கத்துக்குப் போகத் தயங்க வேண்டியதே இல்லை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நாட்காட்டியில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் நோன்பு. அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை கிடையாது. இரத்தம் உள்ள மீனும் கிடையாது. இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து ஒரு பெரிய சமையல் மரபே பிறந்திருக்கிறது. இன்று எல்லாரும் முழு நோன்பு இருப்பதில்லை, ஆனாலும் அந்த உணவுகள் வீட்டில் அன்றாடம் புழங்குகின்றன.

கடையில் 'நிஸ்தீசிமோ' என்று கேட்டால் நோன்பு உணவு என்று புரிந்துகொள்வார்கள். ஒரே எச்சரிக்கை: ஆக்டோபஸ், கணவாய், இறால் ஆகியவை நோன்பில் அனுமதிக்கப்பட்டவை. அதனால் கடல் உணவும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

இந்தச் சமையலின் உயிர் 'லதேரா' என்ற வகை. காய்கறியைத் தக்காளி, வெங்காயத்தோடு நிறைய ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்து, ஆறவிட்டு, வெதுவெதுப்பாகப் பரிமாறுவார்கள். பச்சை பீன்ஸில் செய்தால் ஃபசோலாக்கியா. கத்தரி, சுரைக்காய் இனத்துக் காய், உருளை எல்லாம் சேர்த்து 'அவன்' (oven) அடுப்பில் வைத்தால் பிரியாம். கீரையும் அரிசியும் சேர்ந்தது ஸ்பனகோரிசோ. தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் அரிசி அடைத்தது யெமிஸ்தா. இதில் சிலர் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயில் மிதக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். அந்த எண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதற்குத்தான் ரொட்டிக் கூடை மேசையில் இருக்கிறது. பாலாடைக்கட்டி சாப்பிடும் சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஃபெட்டா உள்ளிட்ட பழைய வகைகளில் கன்று அல்லது குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பது வழக்கம்.

நான்காம் படி: பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

சாந்தோரினியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மண்ணுக்கும் தட்டுக்கும் உள்ள உறவு அங்கே கண்ணுக்கு நேராகத் தெரியும். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை அந்தத் தீவைச் சாம்பலாலும் நுரைக்கல்லாலும் மூடியது. அந்த மண்ணில் களிமண் மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சியால் அங்கே பிழைக்க முடியவில்லை. அதனால் அந்தக் கொடிகள் இன்றும் ஒட்டுப்போடாமல் சொந்த வேரில் நிற்கின்றன.

அங்கே கொடியைப் பந்தலில் ஏற்ற மாட்டார்கள். காற்று அவ்வளவு கடுமை. கொடியை வளைத்து வளைத்துத் தரையோடு கூடைபோல் பின்னுவார்கள். இதற்கு 'குலூரா' என்று பெயர். குலைகள் கூடைக்குள் காற்றுக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி வளரும். இரவில் கடலிலிருந்து வரும் ஈரம்தான் பெரும்பாலும் அதற்குத் தண்ணீர். இப்படி விளையும் 'அசிர்திகோ' திராட்சையிலிருந்து வரும் வெள்ளை ஒயினில் எலுமிச்சைப் புளிப்பும் மெல்லிய உவர்ப்பும் இருக்கும். வெயில் நாட்டில் இவ்வளவு புளிப்பைக் கடைசிவரை காப்பாற்றும் திராட்சைகள் அரிது. கட்டடங்கள் பெருகித் தோட்டங்கள் சுருங்குவதால் விலை ஏறிவிட்டது. ஆனாலும் ஒரு புட்டி வாங்குங்கள், கொடுக்கும் காசுக்குத் தகும்.

கூடவே கேட்க வேண்டியது ஃபாவா. அந்தத் தீவில் மிகப் பழங்காலத்திலிருந்தே பயிராகும் ஒரு மஞ்சள் பருப்பு இது, நம் ஊர் கேசரிப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி. குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெய், பச்சை வெங்காயம், கேப்பர் மொட்டு போட்டுத் தருவார்கள். பாசனம் இல்லாமல் வளரும் சின்னத் தக்காளி இன்னொரு தனிச்சிறப்பு. அதை நறுக்கி, புதினாவும் மாவும் சேர்த்துப் பொரித்த 'தொமதோகெஃப்தெதெஸ்' நம் பக்கோடா ரசிகர்களுக்கு உடனே பிடிக்கும். கடைசியில் வின்சாந்தோ: அறுத்த திராட்சையை வெயிலில் உலர்த்திப் பிழிந்து, குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் வைத்த இனிப்பு ஒயின். சிறு கோப்பை போதும்.

அதே தீவுக்கூட்டத்தில் சிஃப்னோஸ் தீவு. அங்கே மட்பாண்டத் தொழில் பழையது, சமையலும் அந்த மண்பானையைச் சுற்றியே. சனிக்கிழமை மாலை 'ஸ்கெபஸ்தாரியா' என்ற மூடியுள்ள பானையில் கொண்டைக்கடலையையும் வெங்காயத்தையும் போட்டு விறகு அடுப்புக்கு அனுப்புவார்கள். இரவு முழுக்க வெந்து ஞாயிறு கோயில் முடிந்து வரும்போது 'ரெவிதாதா' தயாராக இருக்கும். சிஃப்னோஸில் ஒரு ஞாயிறு இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். நக்ஸோஸ் தீவில் பசும்பால் கிராவியேரா பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் நன்றாக இருக்கும்.

கிரீட் ஒரு தீவு என்றாலும் தனி நாடு அளவுக்கு உணவு உள்ள இடம். 1958இல் தொடங்கிய 'ஏழு நாடுகள் ஆய்வு' கிரீட் கிராமத்து ஆண்களிடம் இதய நோய் மரணம் மிகக் குறைவு என்று கண்டது. 'மத்தியதரைக்கடல் உணவுமுறை' என்று இன்று உலகம் பேசுவதன் வேர்களில் ஒன்று அந்த ஆய்வு. ஏராளமான ஆலிவ் எண்ணெய், காட்டுக்கீரை, பருப்பு, பார்லி ரொட்டி, எப்போதாவது இறைச்சி என்று உழைக்கும் ஏழை மக்கள் சாப்பிட்ட சாப்பாடு அது.

அங்கே முதலில் டாகோஸ். இரண்டு முறை சுட்டு உலர்த்திய பார்லி ரஸ்க் மேல் துருவிய தக்காளி, மிஸீத்ரா என்ற மென்மையான பாலாடைக்கட்டி, ஓரிகானோ, எண்ணெய். அப்புறம் 'ஸ்தம்நகாதி' என்ற கசப்புக் கீரை. தைரியம் உள்ளவர்கள் ரோஸ்மேரியும் வினிகரும் போட்டுப் பொரித்த நத்தை சாப்பிடலாம். கல்யாண வீட்டுப் பிலாஃப் என்று ஒன்று உண்டு: ஆட்டுக்கறியும் கோழியும் வெந்த சாற்றில் அரிசியைக் குழைய வேகவைத்து எலுமிச்சையும் ஆட்டுப்பால் ஆடையிலிருந்து எடுத்த நெய்யும் சேர்ப்பது. அரிசி உண்கிறவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

ஒயினில் வெள்ளைக்கு விதியானோ, சிவப்புக்கு லியாதிகோ. விதியானோ கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்த திராட்சை. அண்மைக் காலத்தில்தான் மீண்டும் பரவலாக நட்டார்கள். லியாதிகோ வெளிர் சிவப்பு, மசாலா வாசனை உள்ளது. சாப்பாடு முடிந்ததும் பழத்தோடு சின்னக் குப்பியில் ட்சிகுதியா வரும். ராக்கி என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் அதற்குக் காசு கிடையாது. மறுக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொண்டே மறுங்கள், கோப்பையை உதட்டில் ஒற்றி வைத்தாலும் போதும். ஒன்று கவனித்தீர்களா, கிரீட்டில் ஃபெட்டா பற்றி நான் பேசவில்லை. ஃபெட்டா என்ற பெயரைச் சட்டப்படி பயன்படுத்தும் பகுதிகளில் கிரீட் இல்லை. அங்கே போய் கிராவியேராவும் மிஸீத்ராவும் சாப்பிடுங்கள்.

வடக்கே கிரேக்கத்தின் மசிடோனியா பகுதி. வெர்மியோ மலைச் சரிவில் உள்ள நாவுசா ஊரின் 'க்ஸினோமாவ்ரோ' என் கணிப்பில் கிரேக்கத்தின் மிகச் சிறந்த சிவப்புத் திராட்சை. நிறம் வெளிர், ஆனால் துவர்ப்பும் புளிப்பும் கடுமை. உலர்ந்த தக்காளி, ஆலிவ் வாசனை வரும். இளம் புட்டி முரண்டு பிடிக்கும். 8, 10 ஆண்டு ஆனது கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆட்டுக்கறி, காளான், முதிர்ந்த பாலாடைக்கட்டி எல்லாம் அதற்குப் பொருந்தும். தெஸ்ஸலோனிகிக்குப் பக்கத்து எபனோமியில் 'மலகுசியா' என்ற வெள்ளைத் திராட்சையைக் கேளுங்கள். அழிந்துபோக இருந்த இந்த இனத்தை 1970களில் வளர்த்து ஒயினாக்கி நிலைநிறுத்தியதில் வாங்கேலிஸ் யெரோவசிலியூ என்ற ஒயின் தயாரிப்பாளருக்குப் பெரும் பங்கு உண்டு.

தெஸ்ஸலோனிகியின் சாப்பாட்டை அகதிகள் வளர்த்தார்கள். துருக்கியோடு நடந்த போரில் 1922இல் கண்ட தோல்விக்கும் இரு நாடுகளுக்கிடையே 1923இல் முடிவான மக்கள் பரிமாற்றத்துக்கும் பின் சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, சுமார் 12 லட்சம் பேர் கிரேக்கத்துக்கு வந்தார்கள். அவர்களோடு சீரகம், மிளகாய், இலவங்கப்பட்டையின் தாராளமும் வந்தது. சீரகமும் பூண்டும் போட்ட நீள உருண்டைகளைத் தக்காளிக் குழம்பில் இட்ட 'ஸ்மிர்னா சுட்சுகாக்கியா' அந்த வழியில் வந்தது. காலையில் ரவைக் கஸ்டர்ட் வைத்த பொகாட்ஸா சுடச்சுட. ஃப்ளோரினாவின் சிவப்புக் குடைமிளகாய், ப்ரெஸ்பா ஏரிக்கரையின் பெரிய வெள்ளை பீன்ஸ், கொசானியின் குங்குமப்பூ மூன்றும் இந்தப் பகுதியின் சொத்து.

எபிரஸ் என்றால் 'பீதா', அதாவது மெல்லிய மாவு அடுக்குக்குள் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்டது. இடம் பெயர்ந்துகொண்டே இருந்த ஆட்டிடையர்களின் சமையல் அது. ஸாகோரி கிராமங்களில் மாவைக் கரைத்து ஃபெட்டா தூவிச் சுடும் அலெவ்ரோபீதா எளிமையானது, மிக ருசியானது. மெட்ஸோவோவின் புகையூட்டிய பாலாடைக்கட்டியும் ஸீட்ஸாவின் லேசாக நுரைக்கும் 'தெபீனா' வெள்ளை ஒயினும் அதற்குத் துணை.

தெற்குத் தீபகற்பமான பெலோபொன்னீஸில் இரண்டு பெயர் போதும். நெமெயாவின் 'அயோர்யீதிகோ' பழச்சுவை மிகுந்த மென்மையான சிவப்பு; ஒயினுக்குப் புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். மந்தீனியா பீடபூமி சுமார் 650 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே விளையும் 'மொஸ்கோஃபீலெரோ'வில் ரோஜா வாசனை வரும்.

ஏதென்ஸைச் சுற்றிய அத்திகாவில் ரெட்சினா. பழங்காலத்தில் சாடிகளைப் பைன் பிசினால் பூசி மூடியதிலிருந்து வந்த சுவை இது. இன்று அலெப்போ பைன் மரத்தின் பிசினை அளவாகச் சேர்க்கிறார்கள். மலிவான ரெட்சினாவைக் குடித்துவிட்டு முகம் சுளித்தவர்கள், சவாதியானோ திராட்சையில் கவனமாகச் செய்ததை ஸ்கொர்தாலியா, வறுத்த மீனோடு ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும். பூண்டுக்கு அதைவிடப் பொருத்தமான ஒயின் எனக்குத் தெரியாது.

மற்ற தீவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லெஸ்போஸில் ப்ளோமாரி ஊரின் சோம்பு மதுவான ஊசோவும் கல்லோனி மத்தி மீனும். சாமோஸில் மஸ்கட் இனிப்பு ஒயின். கோர்ஃபுவில் 400 ஆண்டு வெனிஸ் ஆட்சி விட்டுப்போன பாஸ்திட்சாதா, அதாவது மசாலாக் குழம்பில் இறைச்சியும் பாஸ்தாவும். கெஃபலோனியாவில் ரொபோலா வெள்ளை. கியோஸில் தெற்குக் கிராமங்களில் மட்டுமே மரத்திலிருந்து வடியும் மாஸ்டிஹா பிசின். அதை விளைவிக்கும் மரபு 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

ஐந்தாம் படி: ஒயின் கேட்கும் முறை

நம் புவிசார் குறியீடுபோல ஐரோப்பிய ஒன்றியத்திலும் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. கிரேக்க லேபிளில் 'பி-ஓ-பி' என்று ஒலிக்கும் மூன்று கிரேக்க எழுத்துகளைத் தேடுங்கள். ஏற்றுமதிப் புட்டிகளில் 'பி.டி.ஓ' என்றிருக்கும். குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட திராட்சை, குறிப்பிட்ட முறை என்று அதற்குப் பொருள். ஃபெட்டாவுக்கும் இதே பாதுகாப்பு 2002இலிருந்து உண்டு: குறைந்தது 70 சதவீதம் செம்மறிப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், 2 மாதமாவது முதிர வேண்டும்.

டவெர்னாவில் பீப்பாய் ஒயினைக் கிலோ கணக்கில் கேட்பார்கள். இருவருக்கு அரைக் கிலோ போதும், அது ஏறக்குறைய அரை லிட்டர். முதலில் கால் கிலோ வாங்கி ருசித்துவிட்டு மேலே கேளுங்கள், கடைக்குக் கடை தரம் மாறும். ஊசோவில் தண்ணீர் ஊற்றியதும் பால்போல் வெளுப்பது சோம்பின் எண்ணெய் பிரிவதால்தான். முதலில் தண்ணீர், பிறகு பனிக்கட்டி. வெறும் வயிற்றில் குடிப்பது அங்கே யாருக்கும் வழக்கமில்லை, நீங்களும் வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டில் ஒரு ரெவிதாதா

பயணம் போக முடியாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். அரைக் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவையுங்கள். வடித்து, 3 பெரிய வெங்காயத்தைத் தடிமனாக நறுக்கிச் சேர்த்து, 2 பிரிஞ்சி இலை, முக்கால் கப் ஆலிவ் எண்ணெய், உப்பு போட்டு, கடலைக்கு மேல் இரண்டு விரல்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். கனமான மூடியுள்ள பாத்திரத்தில் 150 டிகிரி செல்சியஸ் அவனில் 4 முதல் 5 மணி நேரம். இடையில் ஒருமுறை தண்ணீர் பாருங்கள். வெங்காயம் கரைந்து, சாறு கெட்டியாகி, கடலை நாக்கில் நசுங்க வேண்டும். இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். அவன் இல்லையென்றால் அடிகனமான பாத்திரத்தில் மிகச் சிறு தீயில் வைக்கலாம். குக்கரில் வேகும், ஆனால் வெங்காயத்தின் அந்த இனிப்பு வராது. மிளகாய், மஞ்சள், தாளிப்பு எதையும் முதல் தடவை சேர்க்காதீர்கள். அந்த மூன்று நான்கு பொருளின் ருசி தனியாக என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அசிர்திகோ கிடைத்தால் குளிரவைத்து அதோடு குடிக்கலாம்.

ஏழாம் படி: வாங்கி வருவது

சாந்தோரினி ஃபாவா, கிரீட் ஓரிகானோ, கொசானி குங்குமப்பூ, கியோஸ் மாஸ்டிஹா எல்லாம் உலர்ந்தவை, எடை குறைந்தவை. குங்குமப்பூவும் மாஸ்டிஹாவும் முத்திரையிட்ட பாக்கெட்டில் மட்டும் வாங்குங்கள். ஆலிவ் எண்ணெயைத் தகர டின்னில் வாங்கினால் வெளிச்சம் படாது, பெட்டியில் உடையவும் செய்யாது. அறுவடை ஆண்டு அச்சிட்டிருந்தால் புதியதைப் பார்த்து எடுங்கள். இந்தியாவுக்குத் திரும்பும் பெரியவர்கள் 2 லிட்டர் வரை மதுவை வரியின்றிக் கொண்டுவரலாம். அந்த இடத்தில் ஒன்று நாவுசா க்ஸினோமாவ்ரோ, ஒன்று வின்சாந்தோ என்று வைப்பேன். வின்சாந்தோ பெரும்பாலும் அரைப் புட்டியில்தான் வரும், திறந்த பிறகும் குளிர்பெட்டியில் சில வாரம் கெடாமல் இருக்கும்.